தொந்தி மெஸ் முதலாளி காலமானார்

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வச்சுக்கிறேன். மதுரைக்குத்தான? நானும் மதுரைதான். பின்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் கெடக்கு, ஆனா உன் மடியில இருக்குற மஞ்சக் கவரைப் பாத்தேன், அதான் இங்கிட்டு வந்தேன். அதே கவர் எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரு. யாருக்கு? உனக்கா? சேச்சே, நீ கொத்தவரங்கா கணக்கா இருக்க. வீட்டுக்காரருக்கா? எம்புட்டு கிலோ இருக்காரு? நூத்தி இருவத்தாறா! சரி சரி, சங்கடப்படாத. எங்க வீட்டுக்காரவுக நூத்தி நாப்பத்திரெண்டு இருந்தாக. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு, நீலச் சட்டை, கழுத்து நீளமாத் தெரியுதுல்ல, அவுகதான். இப்ப தொண்ணூத்தி நாலு. என்கூட உக்காந்தா நான் பேசிக்கிட்டே வருவேனாம், அதனால அங்கிட்டுப் போயி உக்காந்துக்கிட்டாக.

இந்தா, சேவு எடுத்துக்கோ. சாத்தூர்ச் சேவு. வேணாமா? ரெண்டே ரெண்டு. நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. கையை நீட்டு, அம்புட்டுத்தான்.

அந்த ஆபரேசனைப் பத்தி டாக்டரு உனக்கு வெளக்கமாச் சொன்னாரா? இங்கிலீசுல கடகடன்னு சொல்லிட்டுப் படம் ஒண்ணைக் காட்டியிருப்பாரு. நான் சொல்றேன் கேளு. வயிறுங்கறது ஒரு பை. அதுல முக்காவாசியை நீளவாக்குல வெட்டி எடுத்துருவாக. வயித்தைக் கிழிக்கிற சோலி எல்லாம் இல்ல, அஞ்சு ஓட்டை போட்டு, அதுக்குள்ள குழாயை விட்டே எல்லாம் முடிஞ்சுரும். மிச்சம் இருக்குறதைப் பின்னு அடிச்சு மூடிருவாக, நோட்டுக்கு அடிக்கிற மாதிரி. மிச்சப் பை வாழப்பழம் அளவுக்கு இருக்கும்மான்னாரு. நாட்டுப்பழமா, மொந்தம்பழமான்னு நான் கேட்டேன். சிரிச்சுட்டாரு. இதுல சிரிக்க என்ன இருக்கு? பழத்துக்குப் பழம் அளவு மாறும்ல?

இன்னொண்ணும் சொன்னாரு. பசியைக் கெளப்புற நீரு ஒண்ணு அந்த வெட்டி எடுக்குற பாகத்துலதான் கூட ஊறுதாம். அது போயிட்டா முன்ன மாதிரி பசியே எடுக்காதாம். புருசனுக்குப் பசியே எடுக்காதுன்னா பொண்டாட்டி என்ன செய்யிறதுன்னு கேட்டேன். அந்தப் பெரிய டாக்டரு என்ன செஞ்சாரு தெரியுமா, தாயி? அடுத்த ஆளை வரச் சொல்லிட்டாரு.

உனக்குப் புரியணும்னா எங்க கடையைப் பத்திச் சொல்லணும். அருப்புக்கோட்டையில வந்து தொந்தி மெஸ்ஸுன்னு கேளு, பச்சப்புள்ளகூட வழி சொல்லும். போர்டுல 'ராஜகனி அசைவ உணவகம்'னுதான் எழுதியிருக்கு. ராஜகனி நான்தான். ஆனா ஒருத்தரும் அந்தப் பேரைச் சொன்னதில்ல. சமையல் நானு, பேரு அவுக தொந்திக்கு. அவுக பேரு சௌந்திரபாண்டி.

எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. தெனம் பதினொன்றரை மணிக்கு மொத இலை அவுகளுக்குத்தான். ரோட்டைப் பாத்த மேசையில உக்காருவாக. நான்தான் பரிமாறுவேன், வேலையாள் யாரையும் விடமாட்டேன். அயிரமீன் கொழம்பு, கோலா உருண்டை, குடல் கூட்டு, அப்புறம் ரசம், அப்புறம் மோரு. ரோட்டுல போறவுக நின்னு பாப்பாக. கொழம்பை ஊத்திப் பெசைஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் வைப்பாக பாரு, லாரிக்காரவுக வண்டியை ஓரங்கட்டிருவாக. அவுக மூணாஞ்சோறு வாங்குறதுக்குள்ள கடை ரொம்பிரும். எங்களுக்கு வேற வெளம்பரமே கெடையாது. முப்பத்தியொரு வருசம் இப்படித்தான் ஓடுச்சு.

அதுக்குள்ள முட்டி போச்சு. சக்கரை வந்துச்சு. படுத்தா மூச்சு நின்னு நின்னு வருது. கோயம்புத்தூர்ல இருந்து என் மக ஜெயபொன்னி வந்தா, அப்பாவைப் பாத்தா, எம்மேல பாஞ்சா. "யம்மா, நீ போட்டுப் போட்டே இப்படி ஆக்கிட்ட"ன்னா. நான் போட்டேனா? அவுக கேட்டாக, போட்டேன். கேக்காதப்ப கேக்க வச்சேன், அம்புட்டுத்தான். அதுக்குப் பேரு போடுறதா?

பங்குனி அஞ்சாந்தேதி ஆபரேசன். நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், ஊருல யாருக்கும் தெரியக்கூடாது. மெஸ்ஸு வச்சிருக்குறவளோட புருசனே வயித்தை வெட்டிச் சின்னதாக்கிட்டு வந்தா எவன் வந்து சாப்பிடுவான்? அதனால மக வீட்டுக்குப் போயிருக்காகன்னு சொல்லிட்டோம்.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுச்சு. பயப்படாத. ரெண்டாம் நாளே நடக்க விட்டாக. எனக்குப் பயம் ஆபரேசனைப் பத்தி இல்ல தாயி, அதுக்கப்புறம் வந்த நாளைப் பத்தித்தான். ஒரு சின்ன மருந்து மூடி குடுத்தாக. அதுல முப்பது மில்லி. அந்த மூடியில தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி அரை மணி நேரமாக் குடிச்சாக. அண்டா ரசத்தைக் குடிச்ச மனுசன். நான் கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இனிமே இந்த ஆளுக்கு நான் எதுக்குன்னு நினைச்சேன். எனக்குத் தெரிஞ்சது சமைக்கிறது ஒண்ணுதான். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதெல்லாம் இலையிலதான். இன்னும் கொஞ்சம் போடவா, போடு. உப்பு சரியா, சரி. வேற என்ன பேசியிருக்கோம்னு யோசிச்சுப் பாத்தா ஒண்ணும் வரல.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம் மட்டும்தான், அப்புறம் ரெண்டு வாரம் மசிச்சது, அதுக்கப்புறம்தான் மெதுவாச் சோறுன்னு ஒரு டயட்டுப் புள்ள சீட்டு எழுதிக் குடுத்துச்சு. நான் அந்தச் சீட்டை ஒரு எழுத்து மீறல தாயி. தண்ணி ஆகாரம்னாக, தண்ணி ஆகாரம்தான் குடுத்தேன். நெய்யை உருக்குனா அது தண்ணிதான? தெளிஞ்ச ரசத்துல ரெண்டு கரண்டி நெய்யை விட்டா மேல மெதக்கும், அதை நல்லாக் கலக்கிக் குடுத்துருவேன். நல்லி எலும்பை நாலு மணி நேரம் கொதிக்க வச்சு வடிச்சா அதுவும் தண்ணிதான். முந்திரியை மையா அரைச்சுப் பால்ல விட்டா கடிக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது. சீட்டுல நெய் கூடாதுன்னு எழுதியிருந்துச்சான்னு கேளு. எழுதியிருந்துச்சு. ஆனா அது பின்பக்கத்துல. பின்பக்கத்தை எல்லாம் யாரு பாக்குறா?

அவுகளும் குடிச்சாக. மூஞ்சியைச் சுளிக்காமக் குடிச்சாக. குடிச்சு முடிச்சதும் கொல்லைப்பக்கம் போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவாக. காத்து வாங்குறாகன்னு நினைச்சேன்.

சித்திரை ஒண்ணாந்தேதி வந்துச்சு. வருசப்பொறப்பும் அதுவுமா அந்த மனுசன் வாயில ஒரு இனிப்பு படலைன்னா வருசம் பூரா எப்படி இருக்கும், நீயே சொல்லு. பாயாசம் வச்சு, டீ வடிகட்டியில வடிச்சு, ஒரு டம்ளர் குடுத்தேன். குடிச்சுப் பத்து நிமிசம் ஆகல. வேர்த்து ஊத்துது. கை நடுங்குது. நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது. சிமிண்டுத் தரையில குப்புறப் படுத்துக்கிட்டாக. ஆத்தாடி, நான் போட்ட கூச்சல்ல தெருவே கூடிருச்சு. கார் வச்சு மதுரைக்கு ஓடுனோம்.

பின்னு அடிச்ச எடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இது இனிப்புனால வந்ததுன்னு சொன்னாக. சக்கரைத் தண்ணி வாழப்பழப் பைக்குள்ள நிக்காம சரசரன்னு குடலுக்கு எறங்கிருமாம், அதான் அந்தப் படபடப்பு. டயட்டுப் புள்ள என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "என்ன குடுத்தீங்க?"ன்னு கேட்டுச்சு. அவுகதான் படுத்தாப்புல கண்ணைத் தொறக்காம, "பக்கத்து வீட்டுல குடுத்தாக, நான்தான் வாங்கிக் குடிச்சேன்"னாக. மயக்கத்துல ஒளறுறாகன்னு நினைச்சுக்கிட்டு நான் பேசாம இருந்துட்டேன். நல்ல வேளையா ஒளறுனாக.

அதுக்கப்புறம் இனிப்பு குடுக்கல, சத்தியமாக் குடுக்கல. நெய் மட்டும்தான்.

இன்னுங் கொஞ்சம் சேவு எடுத்துக்கோயேன். அட, கையில இருக்குறதையே இன்னும் தின்னாம வச்சிருக்கியா?

ஆனி மாசம் கடைக்கு வந்து உக்காந்தாக. அங்கதான் புடிச்சது சனியன். பதினொன்றரை மணிக்கு மொத இலை போட்டேன். நாலு கரண்டி. நாலே கரண்டி சாப்பிட்டுட்டு எந்திரிச்சுட்டாக. அதுக்கே இருவது நிமிசம், ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்லணுமாம், டாக்டரு சொன்னது. ரோட்டுல நின்னு பாத்த ரெண்டு லாரிக்காரவுக, "முதலாளியாலேயே திங்க முடியலடா"ன்னு சொல்லிட்டு எதுத்த கடைக்குப் போயிட்டாக. தெருக்காரவுக என்னடான்னா ஆளு எளைச்சதைப் பாத்துட்டு, பெரிய வியாதி போலன்னு குசுகுசுன்னு பேசுறாக. வெளியூர்க்காரவுகளுக்கு அடையாளமே தெரியல. கல்லாவுல யாரோ புது ஆளுன்னு நினைச்சுக்கிட்டு, "தொந்தி அண்ணாச்சி எங்க?"ன்னு அவுககிட்டயே கேக்குறாக. கடை பாதி காலியாக் கெடந்துச்சு. சமைச்சதை எல்லாம் சாயங்காலம் நாயிக்குப் போட்டேன்.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஆளு இல்லாட்டி என்ன, படம் இருக்குல்ல? மக கல்யாணத்துல எடுத்த போட்டோ ஒண்ணு. இலைக்கு முன்னாடி உக்காந்து, ரெண்டு கன்னமும் உப்பி, வாய் நெறையச் சிரிக்கிற படம். ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசாக்கி, கண்ணாடி போட்டு, வாசலுக்கு நேரா சுவத்துல மாட்டுனேன். சுத்திச் சீரியல் பல்பு. உள்ள வர்றவுகளுக்கு இந்தக் கடை எப்பேர்ப்பட்ட கடைன்னு தெரியணும்ல? அவுகளுக்கே அந்தப் படம் புடிச்சிருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "நல்லா இருந்திருக்கேன்ல"ன்னாக.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. வெள்ளிக்கிழமை நான் கடையைக் கழுவி, சாமி படத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சுப் பூப்போடுவேன். கல்லாப்பெட்டிக்கு வைப்பேன். பிரிஜ்ஜுக்கு வைப்பேன். அன்னிக்குக் கை ஓட்டத்துல அவுக படத்துக்கும் ஒரு பொட்டு வச்சுட்டேன். பூக்காரி வேற மாலை ஒண்ணு கூடக் குடுத்துட்டா. வீணாப் போகுதேன்னு அதையும் அவுக படத்துல சாத்திட்டேன். இதுல என்ன தப்பு? நான் கிரைண்டருக்கும்தான் பொட்டு வைக்கிறேன், கிரைண்டர் செத்தா போச்சு?

சிரிக்காத தாயி. நீ சிரிக்கிற மாதிரிதான் இருக்கும், எனக்கு நடக்கும்போது அப்படி இல்ல.

மத்தியானம் ராஜபாளையத்து நூல் வியாபாரி திரவியம் அண்ணாச்சி வந்தாரு. பத்து வருச வாடிக்கை. மகன் வீடு ஈரோட்டுல, எட்டு மாசமா அங்கயே இருந்துட்டு அன்னிக்குத்தான் இந்தப் பக்கம் வர்றாரு. உள்ள காலை வச்சவரு படத்தைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. செருப்பைக் கழட்டிட்டாரு. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. நான் அடுப்படித் திரைக்குப் பின்னாடி கரண்டியோட நிக்கிறேன். கல்லாவுல எங்க வீட்டுக்காரவுக.

"எப்ப?"ன்னாரு அண்ணாச்சி.

"பங்குனியில. அஞ்சாந்தேதி"ன்னாக இவுக.

"என்ன செஞ்சுச்சு?"

"வயித்துல ஆபரேசன்."

"அதோட போயிட்டாரா?"

"ஆமா. அந்த ஆளு அதோட போயிட்டாரு."

பாரு, ஒரு வார்த்தை பொய் இல்ல. எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது. "நீங்க யாரு?"ன்னு கேட்டாரு அண்ணாச்சி. "தம்பி மொறை"ன்னுட்டாக இவுக. அது ஒண்ணுதான் பொய். வேணும்னேதான் சொல்லியிருக்காக, செத்ததுக்கப்புறம் நம்மளைப் பத்தி என்ன சொல்றாகன்னு கேக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அண்ணாச்சி கண்ணைத் தொடச்சுக்கிட்டு இலையில உக்காந்தாரு. பேசிக்கிட்டே சாப்பிட்டாரு. அப்படிப்பட்ட மனுசனைப் பாத்ததில்ல, அவரு சாப்பிடுறதைப் பாத்தா சாகக் கெடக்குறவனும் எந்திரிச்சு ஒரு பிடி சாப்பிடுவான் அப்படின்னாரு. இவுக தலையாட்டிக் கேட்டுக்கிட்டு இருக்காக. ரெண்டாவது ரசம் வாங்குனதும் கொரலைத் தாழ்த்திக்கிட்டு, "தம்பி, தப்பா நினைக்காதீக. அந்தம்மா கைப்பக்குவம் எந்த ஊருலயும் கெடைக்காது. ஆனா அந்தக் கைதான் ஆளை முடிச்சிருச்சு. போட்டுப் போட்டே கொன்னுருச்சு"ன்னாரு.

என் கையில இருந்த கரண்டி கீழ விழுந்துருச்சு. சத்தம் கேட்டு அண்ணாச்சி திரும்புனாரு. திரை விலகி நான் நிக்கிறேன். எனக்கு அழுகை வந்துருச்சு தாயி. அந்தச் சொல்லுக்காக மட்டும் அழுகல. எதுத்தாப்புல அந்தப் படத்தைப் பாத்துட்டேன். அந்தக் கன்னம், அந்தச் சிரிப்பு. நான் சமைச்சுப் போட்டு வளத்த அந்த மனுசன் நெசமாவே இல்லைன்னு அப்பதான் எனக்கு ஒறைச்சுச்சு. கல்லாவுல புருசன் உசுரோட உக்காந்திருக்காக, நான் படத்தைப் பாத்து ஓன்னு அழுகுறேன். அண்ணாச்சி எச்சிக்கையோட எந்திரிச்சு வந்து, "மனசைத் தேத்திக்கோங்கம்மா"ன்னாரு. நானும் தேத்திக்கிறேன்னு தலையாட்டிட்டேன். வேற என்ன சொல்றது அந்த நேரத்துல?

மூணே நாள்ல ராஜபாளையம், கோயில்பட்டி, விருதுநகர்னு அம்புட்டு ஊருக்கும் தகவல் போயிருச்சு. பழைய வாடிக்கை எல்லாம் வந்துட்டாக. படத்துக்கு முன்னாடி ஒரு நிமிசம் நிப்பாக, அப்புறம் அவரு நெனப்பா உக்காந்து வயிறு முட்டச் சாப்பிடுவாக. அவரு பேரைச் சொல்லி ஒரு கோலா, அவரு பேரைச் சொல்லி இன்னொரு குடல் கூட்டு. கடையில நிக்க எடமில்ல. ஆளு இருந்தப்பகூட அப்படி ஒரு ஓட்டம் ஓடல.

இது ஒரு பக்கம்னா இன்னொரு பக்கம் வெளியூர்ல இருந்து வர்ற காய்க்காரி வள்ளிமயிலு எங்கிட்ட வந்து, "ஏக்கா, கொழுந்தனாரு உங்க வீட்டுலதான் தங்கியிருக்காகளா?"ன்னு கேக்குறா. எனக்கு மொதல்ல புரியல. எந்தக் கொழுந்தன்னேன். "கல்லாவுல இருக்காகளே, எளவட்டமாத் தெரியுறாக"ன்னு கண்ணைச் சிமிட்டுறா. நான் வெங்காயத் தராசாலயே அவளை அடிச்சிருப்பேன். ஆனா எளவட்டமாத் தெரியுறாகன்னு சொன்னா பாரு, அன்னிக்குத்தான் நானும் கல்லாப் பக்கம் திரும்பிச் சரியாப் பாத்தேன். அப்படி ஒண்ணும் மோசமில்ல.

அன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கடை சாத்துனதும் அவுக, "அந்தப் படத்தை எறக்கு"ன்னாக. நான், "இருக்கட்டும், கடை நடக்குதுல்ல"ன்னேன். "ஏ கனி, நான் உசுரோட இருக்கேன்"னாக. "இருக்கீக, ஆனா நான் கட்டிக்கிட்டது அந்த ஆளை"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். வாய் தவறி என்ன, மனசுல இருந்ததுதான். அவுக மூஞ்சி சுண்டிப் போச்சு. நானும் விடல. "ஊரான் ஒருத்தன் வந்து நான் போட்டுக் கொன்னேன்னு சொல்றான், கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீகளே, ஒரு வார்த்தை எனக்காகப் பேசுனீகளா?"ன்னேன்.

அவுக கல்லாவைப் பூட்டுனாக. அப்புறம், "ரசத்துல நெய்யி ஊத்துனது எனக்குத் தெரியும்"னாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து. முப்பது வருசமா உன் ரசத்தைக் குடிக்கிறேன், நெய் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் கொல்லையில போயி கக்கிட்டுத்தான் வருவேன். பாயாசம் பாயாசம்னும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சீக?"

"நீ டம்ளரைக் குடுத்துட்டு என் வாயையே பாத்துக்கிட்டு நிப்ப. குடிக்கலைன்னா உன் மூஞ்சி செத்துப் போகும். அதைவிடக் கக்குறது எனக்குச் சுளுவா இருந்துச்சு"ன்னாக.

நீயே நாயஞ் சொல்லு தாயி. அப்ப தப்பு யாரு மேல? தெரிஞ்சே குடிச்ச ஆளு மேலதான? மொத நாளே வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஊத்தியிருப்பேனா? ஊத்தியிருப்பேன், அது வேற. ஆனா சொல்லியிருக்கணும்ல?

மறுநாள்ல இருந்து அவுக என் கையால பச்சத்தண்ணி வாங்கல. ஆஸ்பத்திரியில குடுத்த சத்துப் பவுடரைத் தாங்களே கலக்கிக் குடிச்சாக, முட்டையைத் தாங்களே அவிச்சாக. அடுப்படியில எனக்குப் பக்கத்துல நின்னு, எனக்குன்னு ஒரு வார்த்தை இல்லாம, ஒரு முட்டையை அவிச்சு உரிச்சுத் திங்கிறாக. பன்னெண்டு நாளு. கடை முழுக்கக் கூட்டம், எல்லாரும் என் சோத்தைப் புகழ்ந்து தின்னுட்டுப் போறாக, எனக்கு ஒரு வாய் எறங்கல. நூறு பேரு சாப்பிட்டு என்ன, அந்த ஒரு இலை இல்லைன்னா நான் எதுக்கு அடுப்புல நிக்கிறேன்? அப்பதான் புரிஞ்சுச்சு. படத்துல இருக்குறவுக எம்புட்டுத்தான் சிரிச்சாலும் என் ரசத்தைக் கொறை சொல்லக்கூட மாட்டாகல்ல.

பதிமூணாம் நாள், கடை ரொம்பி வழியிற நேரத்துல ஸ்டூலைப் போட்டு ஏறுனேன். மாலையைக் கழட்டுனேன், பொட்டைத் தொடச்சேன், படத்தை எறக்குனேன். எல்லாரும் கைய நிறுத்திட்டுப் பாக்குறாக. "இந்தா கல்லாவுல இருக்காகளே, இவுகதான் தொந்தி மெஸ் முதலாளி. சாகல. வயித்தை வெட்டிக்கிட்டாக. இவுகளுக்கு நாலு கரண்டி போதும், உங்களுக்கு வேணும்னா வாங்கிச் சாப்பிடுங்க, இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க"ன்னு கத்துனேன். திரவியம் அண்ணாச்சி அன்னிக்கும் இருந்தாரு. எச்சிக்கையோட ஓடிப்போயி இவுக கன்னத்தைப் புடிச்சுப் பாக்குறாரு. ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. இப்ப செத்துப் பொழைச்ச முதலாளியைப் பாக்கன்னே ஒரு கூட்டம் வருது. படம் எங்க இருக்குன்னு கேக்காத. அரிசி மூட்டைக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு.

ஆங், கேக்கணும்னு நினைச்சேன். உன் வீட்டுக்காரரு மனசோட சம்மதிச்சாரா? அதுதான் வேணும். ஆயுசு பூரா மாத்திரை உண்டு, சாப்பாட்டோட தண்ணி குடிக்கக்கூடாது, கூப்பிட்ட தேதிக்குப் போகணும். நாங்க இன்னிக்கு அதுக்குத்தான் போறோம். ஆபரேசன் பாதிதான் தாயி, மீதி நம்ம வீட்டு அடுப்படியிலதான் இருக்கு. நீ டம்ளரைக் குடுத்துட்டு வாயைப் பாத்துக்கிட்டு நிக்காத, அம்புட்டுத்தான். அந்தச் சீட்டுல பின்பக்கத்தையும் படி.

படத்தை எறக்குன மறுநாள் பதினொன்றரைக்கு அவுகளே வந்து ரோட்டைப் பாத்த மேசையில உக்காந்தாக. இலையை விரிச்சாக. ரெண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி மீன் கொழம்பு, ஒரு கரண்டி கீரை, சீட்டுல இருக்குற கணக்கு. நெய் இல்ல. சத்தியமா இல்ல. ஒரு வாய் எடுத்து வச்சு மெல்ல ஆரம்பிச்சாக. முப்பது தடவை மெல்லணும்ல. முன்னயெல்லாம் இலையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாக. இப்ப இலையில பாக்க ஒண்ணுமில்ல, வாயி மெல்லுது, கண்ணு சும்மாதான இருக்கு? நிமிர்ந்து என்னையே பாக்குறாக. எனக்கு எங்கிட்டுத் திரும்புறதுன்னு தெரியல. பாத்துக்கிட்டே இருந்தவுக, திடுதிப்புன்னு, "இது எப்ப பட்டது?"ன்னாக.

எதுன்னேன்.

"இந்தக் கையில."

இந்தா பாரு தாயி, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும். கோலா உருண்டை பொரிக்கிற எண்ணெய் சாஞ்சது. "அதுக்கு ஆச்சு பதினோரு வருசம்"னேன். அன்னிக்கும் இவுகளுக்கு மொத இலை போட்டேன். வலது கையில துணியைச் சுத்திக்கிட்டு, இடது கையாலதான் பரிமாறுனேன். எந்தப் பொண்டாட்டி இடது கையால சோறு போடுவா? அதுக்கும் நிமிர்ந்து பாக்கல.

அவுக மெல்லுறதை நிறுத்திட்டாக. "அப்ப நான் எங்க இருந்தேன்?"னு கேட்டாக.

"எதுத்தாப்புலதான். சாப்பிட்டுக்கிட்டு இருந்தீக"ன்னேன்.

கோவமாத்தான் சொல்லணும்னு நினைச்சேன், வரல. கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது. பொகை பட்டுருச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாத்தா, எங்க கடையில கேஸ் அடுப்பு.